கடலுக்கடியில் வந்த ஓவிய வாத்தியார்

கேபிள் வந்ததும் அந்தமான் வீடுகளுக்குள் ஓவிய வகுப்பும் வந்துவிட்டது. வரைந்து காட்டும் கை கிடைத்தாயிற்று. பார்த்துத் திருத்தும் கண்?

டிசம்பர் மாதத்தில் புரோத்ராபூரில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வரைபடத்தில் கல்கத்தாவுக்கும் கிழக்கே தள்ளிக் கிடக்கும் தீவு இது. கடிகாரமோ மிர்சாபூர் பக்கம் செல்லும் தீர்க்கரேகையை நம்பி ஓடுகிறது. சூரியனுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அது தன்பாட்டுக்கு மறைந்துவிட, அக்கா வீட்டு முன்னறையில் ட்யூப்லைட் எரிகிறது. அதன் கீழே, பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் அக்கா மகள் ஒரு பந்தை வரைந்துகொண்டிருக்கிறாள்.

காகிதம் இல்லை. பென்சிலும் இல்லை. மேஜைமேல் பள்ளிக்கூட சிலேட் மாதிரி ஒரு கறுப்புப் பலகை. கையில் மை இல்லாத பேனா. பேனா பலகையில் நகர, கோடு எதிரேயிருக்கும் லேப்டாப் திரையில் விழுகிறது. திரையின் மறுபாதியில், எந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசிரியரின் கை அதே பந்தை வரைகிறது. இவள் பார்க்கிறாள், வீடியோவை நிறுத்துகிறாள், வரைகிறாள், பிடிக்காமல் அழிக்கிறாள். அழிப்பது என்றால் ரப்பர் வைத்துத் தேய்ப்பதல்ல. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் கோடு இருந்த சுவடே தெரிவதில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினோரு முறை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"இல்ல சித்தி. அவர் போட்டது உருண்டையா இருக்கு. நான் போட்டது வட்டமா இருக்கு."

வட்டத்துக்கும் உருண்டைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை எப்படித் தாண்டுவது என்று சொல்லத்தான் அந்த அறையில் ஆள் இல்லை. வீடியோவில் வரைபவருக்கு இப்படி ஒரு பெண் இருப்பதே தெரியாது. இணையம் வழியாக ஓவியம் கற்பதில் உள்ள அதிசயமும் சிக்கலும் இந்த ஒரு பந்தில் அடங்கியிருக்கின்றன.

கண்ணாடி இழையில் வந்த கை

தென் அந்தமானில், போர்ட் பிளேர் என்று காலங்காலமாக அழைக்கப்பட்டு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரத்தை ஒட்டியிருக்கிறது புரோத்ராபூர். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால் அது பெரும்பாலும் இங்குள்ள மாவட்டச் சிறையால்தான் இருக்கும். செல்லுலார் ஜெயிலைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் இந்தப் பக்கம் வருவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் இங்கே புதிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த யூனியன் பிரதேசத்தில் வாழும் 3.8 லட்சம் பேரில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடப் புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் புழங்கிப் பழகியவர்கள் இவர்கள்.

இங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் சுமார் மூன்று நாள் பயணம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஓவியம் படிக்க வேண்டும் என்றால் அக்கா மகளுக்கு நினைவுக்கு வரும் பெயர்கள் அந்தக் கரையில்தான் இருக்கின்றன: 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி வளர்ந்து நிற்கும் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, அல்லது கோபுலு பயின்ற கும்பகோணம். இடம் கிடைத்தாலும் விடுதிச் செலவு, கப்பல் கட்டணம், பெண்ணைத் தனியாக அனுப்பும் தயக்கம் என்று பல பேச்சுகள் எழும். அத்தானுக்குப் பெண் படம் வரைவதில் ஆட்சேபம் இல்லை. கடல் தாண்டிப் போய் வரைவதில்தான் ஆட்சேபம்.

அவர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே எதிர்த்திசையில் ஒன்று கடல் தாண்டி வந்துவிட்டது. சென்னையிலிருந்து அந்தமான் நிகோபாருக்குக் கடலடியில் கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கும் திட்டத்துக்கு 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் டெல்லியிலிருந்து வீடியோ கான்பரன்ஸ் மூலம் திறந்துவைத்தார். சுமார் 2,300 கி.மீ. நீளம், சுமார் ரூ 1,224 கோடி செலவு. போர்ட் பிளேர் போக ஸ்வராஜ் தீவு (பழைய ஹேவ்லாக்), லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களையும் இந்தக் கேபிள் இணைக்கிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே வினாடிக்கு 200 ஜிகாபிட் வீதம் இரண்டு தடங்கள் என்று அறிவிக்கப்பட்டது.

அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். பூமிக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் கோளுக்குச் சமிக்ஞை போய்த் திரும்ப வேண்டும். ஒரு கேள்வி போய் அதற்குப் பதில் வந்துசேர ஏறக்குறைய அரை வினாடி ஆகும். கேபிளில் அதே வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருந்த கொஞ்சம் கொள்ளளவைத் தீவுகள் முழுக்கப் பங்குபோட வேண்டியிருந்ததுதான் பெரிய தொல்லை. சில வருடங்களுக்கு முந்தைய என் வருகை ஒன்றில், மொழிபெயர்த்து முடித்த ஒரு கட்டுரையைச் சென்னைக்கு அனுப்ப இரவு ஒரு மணி வரை விழித்திருந்தேன். ஊர் தூங்கிய பிறகுதான் இணையம் விழித்தது. அந்த நாட்களில் பத்து நிமிட வீடியோ பார்ப்பது என்பது, சுழலும் வட்டத்தை நாற்பது நிமிடம் பார்ப்பது.

ஓவிய வகுப்புக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. கணக்கையோ இலக்கணத்தையோ அச்சிட்ட பக்கத்தில் கற்றுக்கொள்ளலாம். ஓவியத்தில் கோடு எங்கே முடிந்தது என்பதைவிட, கை எங்கே தொடங்கி எந்த வேகத்தில் போனது என்பதுதான் பாடம். அது அசையும் படத்தில் மட்டுமே தெரியும். கண்ணாடி இழை வழியே தீவுக்கு வந்துசேர்ந்தது அந்தக் கை. நிறுத்தலாம், திருப்பலாம், நூறு முறை பார்க்கலாம். எந்த வாத்தியாரும் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

ஈரத்துக்கு அஞ்சாத காகிதம்

தீவுக்காரர்கள் திரையில் வரைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அக்காதான் சொன்னாள். பீரோவிலிருந்து மகளின் பழைய டிராயிங் நோட்டை எடுத்துக் காட்டினாள். பக்கங்களில் பழுப்புப் புள்ளிகள். ஓரங்களில் பூஞ்சை. வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் காகிதம் எப்போதும் லேசாக நமத்துப்போயிருக்கிறது. வாட்டர் கலர் காய்வதற்குள் பரவிவிடும். நல்ல தடித்த காகிதம் வேண்டுமென்றால் மறுகரையிலிருந்து வர வேண்டும். வந்தாலும் ஒரு மழைக்காலம் தாங்குமா என்பது சந்தேகம். திரையில் வரைந்ததற்குப் பூஞ்சை பிடிப்பதில்லை. அதற்கு எதிரி மின்வெட்டு. சேமிக்காமல் இரண்டு மணி நேரம் வரைந்து, பாட்டரி தீர்ந்த லேப்டாப் அணைந்து, படம் காணாமல் போய் அழுதது இந்த வீட்டில் இரண்டு முறை நடந்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் வரைவது நேற்று வந்த சமாச்சாரமல்ல. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்ற மாணவர் தன் ஆராய்ச்சிக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமை எழுதினார். ஒளிப் பேனாவால் திரையைத் தொட்டு அதில் கோடு இழுக்கலாம். 1990இல் போட்டோஷாப் வந்தது. தமிழ்ப் பத்திரிகை ஓவியர்களில் டிராட்ஸ்கி மருது ஆரம்ப காலத்திலேயே கம்ப்யூட்டரைக் கையில் எடுத்துக்கொண்டவர். உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2009இல் ஐபோனிலும் 2010இல் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். 2012இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் அவரது ஐபேட் ஓவியங்கள் பெரிய அளவில் அச்சிட்டு மாட்டப்பட்டன.

கருவியின் சூட்சுமம் எளிமையானது. கறுப்புப் பலகைக்கு அடியில் மெல்லிய கம்பிச் சுருள்களின் வலை இருக்கிறது. அதிலிருந்து எழும் மின்காந்த அலை பேனாவுக்குள் இருக்கும் சுருளை உசுப்ப, பேனா பதில் தருகிறது. எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதைப் பலகை தெரிந்துகொள்கிறது. அதனால் பேனாவுக்குப் பாட்டரி வேண்டாம். 1983இல் தொடங்கப்பட்ட ஜப்பானின் வாகோம் நிறுவனம் பிரபலப்படுத்திய முறை இது. இன்று ஹுயான், எக்ஸ்பி பென் போன்ற சீனத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. திரையில்லாத சாதாரணப் பலகைக்குச் சுமார் ரூ 3,000 முதல் 5,000 வரை ஆகும். திரையோடு கூடியது என்றால் விலை பல மடங்கு. அழுத்தத்தை 8,192 படிகளாகப் பிரித்துணரும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். புதிதாகப் பழகுகிறவர் கைக்கு அதில் பத்துப் படி வசப்பட்டாலே பெரிய விஷயம்.

மலிவான பலகையில் ஒரு விசித்திரம் உண்டு. கை கீழே இருக்கும், கண் மேலே இருக்கும். கோடு பிறக்கும் இடத்தைப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் எழுதத் தெரியாத குழந்தை மாதிரி இருந்தது என்று என் அக்கா மகள் சொல்கிறாள். நானும் முயன்றேன். என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். அது எந்த மொழியிலும் சேராத எழுத்தாக இருந்தது.

சாப்ட்வேருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. போட்டோஷாப்புக்கு மாதா மாதம் சந்தா கட்ட வேண்டும். ஐபேடில் மட்டும் ஓடும் 'புரோகிரியேட்' ஒரே தடவை விலைக்குக் கிடைத்தாலும் ஐபேட் வாங்கியாக வேண்டும். 'கிரிட்டா' முழுக்க இலவசம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களும் ஒரு சிறு குழுவும் சேர்ந்து வளர்க்கும் திறந்தமூல சாப்ட்வேர் அது. ஸ்வீடிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாக்குக்கட்டி என்று பொருள். பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. ஏ4 அளவில், அச்சுக்கு ஏற்றபடி ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 2,480க்கு 3,508 புள்ளிகள். அதன்மேல் பத்துப் பதினைந்து லேயர்களை அடுக்கும்போதுதான் லேப்டாப் மூச்சு வாங்குகிறது.

பாடத்தில் என்ன இருக்கிறது?

இந்த லேயர்தான் திரை ஓவியத்தின் உயிர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைவதைப் போன்றது. அடியில் கரடுமுரடான முதல் வரைவு. அதற்கு மேல் சுத்தமான கோடு. வேறொரு தாளில் தட்டையான வண்ணம். இன்னொன்றில் நிழல். நிழல் பிசகினால் அந்தத் தாளை மட்டும் எறிந்துவிடலாம். கீழே இருப்பது கெடாது.

நல்ல பாடத் தொடர்கள் இதையெல்லாம் முதலில் சொல்வதில்லை என்பதுதான் ஆச்சரியம். 'டிராபாக்ஸ்' என்ற இலவசப் பாடம் மாணவனைக் காகிதத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கோடு போடு, கோணங்களை மாற்றி மாற்றி 250 பெட்டிகள் வரை என்கிறது. 'கன்ட்ரோல் பெயின்ட்' என்ற இன்னோர் இலவசத் தொகுப்பு, மாட் கோர் என்ற ஓவியர் தயாரித்தது, சின்னச் சின்ன வீடியோக்களாக அடிப்படைகளை எடுத்துக்கொள்கிறது. நிறத்துக்கு முன்னால் வெளிச்சம் என்பது இத்தகைய பாடங்களின் பொது விதி. கறுப்பு வெள்ளையில் பந்து உருண்டையாகத் தெரியாவிட்டால் சிவப்படித்தும் உருளாது.

கட்டணம் வாங்கும் உடெமி, ஸ்கில்ஷேர், டொமஸ்டிகா போன்ற தளங்களிலும் பாடங்கள் குவிந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். இந்த இடத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் எனக்குள் விழித்துக்கொண்டது. பந்தின் இருண்ட பக்கத்தின் ஓரத்தில், தரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் மெல்லிய கீற்றாகத் தெரியும். வீடியோ ஆசிரியர் அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அக்கா மகள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள். அது என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. "எதிரொளி" என்று சொல்லிப் பார்த்தேன். "எதிரொலி மாதிரியா?" என்றாள். ஆமாம், அதே மாதிரிதான்: சுவரில் பட்டுக் குரல் திரும்புகிறது, தரையில் பட்டு வெளிச்சம் திரும்புகிறது. அவள் முகத்தில் ஏதோ புரிந்த மாதிரி தெரிந்தது.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் ஜிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் போன்ற இலவச சாப்ட்வேர்களுக்குச் சுமார் பத்து நிமிடப் பாடங்கள் உண்டு. இந்தத் திட்டத்தின் பல பாடங்களுக்குத் தமிழிலும் குரல் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் பாடம் ஓட, மாணவர் அப்படியே செய்துபார்க்க வேண்டும் என்பது அதன் முறை. இணையம் இல்லாத இடத்திலும் பயன்படும்படி திட்டமிட்டது. ஆனால் அது எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பாடம். எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லும் பாடம் வேறு.

தபாலில் வந்த திருத்தம்

தூரத்திலிருந்து ஓவியம் கற்பதில் எனக்கும் ஒரு முன்கதை உண்டு. பள்ளியில் படிக்கும்போது, ஒரு வாரப் பத்திரிகையில் தபால் வழி ஓவியப் பயிற்சி விளம்பரம் பார்த்து, அப்பாவை நச்சரித்து மணியார்டர் அனுப்ப வைத்தேன். சைக்ளோஸ்டைல் செய்த பாடங்கள் வந்தன. முதல் பயிற்சியாக ஒரு மண்குடம் வரைந்து அனுப்பினேன். "மிக நன்று" என்ற ரப்பர் ஸ்டாம்புடன் திரும்பி வந்தது. அடுத்து ஒரு குதிரை வரைந்தேன். அது குதிரையென்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கும் "மிக நன்று". மூன்றாவது பாடத்தோடு நிறுத்திவிட்டேன். பணம் போனதைவிட அந்த ஸ்டாம்புதான் வலித்தது. யாரும் பார்க்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி.

தபால் வழிப் பள்ளிகள் எல்லாம் இப்படி இருந்துவிடவில்லை. 1948இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆல்பர்ட் டோர்ன் என்ற ஓவியர் தொடங்கிய 'ஃபேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூல்' நார்மன் ராக்வெல் போன்றவர்களின் பெயரைத் தாங்கி வந்தது. மாணவர் அனுப்பும் படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, ஆசிரியர் ஒருவர் அதில் திருத்தி வரைந்து திருப்பி அனுப்புவார். பிசகு கீழே தெரியும், சரி மேலே தெரியும். இன்றைய லேயரேதான், தபால் தலை ஒட்டியது. அந்த நிறுவனம் பின்னால் எழுத்தாளர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. சேர்ந்தவர்களிடம் பணம் கறப்பதில் இருந்த அக்கறை படிப்பில் இல்லை என்பதை 1970இல் ஜெசிகா மிட்ஃபோர்ட் 'அட்லான்டிக்' இதழில் அம்பலப்படுத்த, 1972இல் நிறுவனம் திவாலானது. ஆனால் அந்தக் கண்ணாடித் தாள் யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்றைய இணையப் பாடத்தில் குறைவது அந்தத் தாள்தான். ஒருமுறை பதிவு செய்த வீடியோவை லட்சம் பேருக்கு விற்கலாம். லட்சம் படங்களைத் திருத்த லட்சம் தடவை உட்கார வேண்டும். அதனால் மலிவுப் பாடத்தில் கை கிடைக்கிறது, கண் கிடைப்பதில்லை. திருத்தித் தரும் வகுப்புகளும் உண்டு. அவற்றின் கட்டணம் டாலரில் இருக்கிறது.

தனியாகக் கற்பவர்கள் எத்தனை பேர் கரை சேருகிறார்கள்? ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதமே என்றது. அவை ஓவியப் பாடங்கள் அல்ல. சும்மா எட்டிப் பார்க்கச் சேர்ந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. இருந்தாலும் அக்கா மகளின் லேப்டாப்பில் பாதியில் நிற்கும் ஆறு பாடத் தொடர்களைப் பார்த்தபோது அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியமளிக்கவில்லை. ஆறிலும் அவள் நின்ற இடம் ஒன்றுதான்: ஆசிரியரைப் பார்த்து வரைந்தது சரியாக வருகிறது, தானே ஒன்றை வரைந்தால் வருவதில்லை. உடனே வேறு பாடம், வேறு பிரஷ், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம்.

மெஷினே வரைந்துவிடாதா?

அத்தானின் கேள்வி வேறு. "இதெல்லாம் இப்போ கம்ப்யூட்டரே வரையுதாமே?" என்கிறார். 2022இல் டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று அடுத்தடுத்து வந்த செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள், இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தருகின்றன. பத்திரிகைக்குப் படம் வரைந்து பிழைக்கலாம் என்று நினைத்துப் பழகும் பெண்ணுக்கு இது வெறும் வம்புப் பேச்சு அல்ல. மொழிபெயர்த்துப் பிழைக்கும் சித்திக்கும் அல்ல. இரண்டு பேர் தொழிலும் ஒரே மெஷினின் வாய்க்கு எதிரே நிற்கின்றன.

எதிர்ப்புக் குரலும் எழுந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் புரோகிரியேட் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் குடா, தங்கள் சாப்ட்வேரில் இத்தகைய படம் உருவாக்கும் வசதிகளைச் சேர்க்கப் போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்த நிறுவனம் இருக்கும் இடம் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா. அதுவும் ஒரு தீவு. ஒரு காலத்தில் கைதிகளை நாடு கடத்திய தீவு. உலகெங்கும் ஓவியர்கள் கையாளும் சாப்ட்வேர் அங்கிருந்து வருகிறது என்று சொன்னபோது, அத்தான் முதல்முறையாக மகளின் கறுப்புப் பலகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். மெஷின் தரும் படத்தில் நிழல் தப்பான பக்கம் விழுந்தால், அதைக் கண்டுபிடிக்கவும் நிழலை அறிந்த ஒருவர் வேண்டும். பதினோரு முறை அழித்த பெண்ணுக்குத் தன் பந்து வட்டமாக இருப்பது தெரிந்ததே, அந்தப் பார்வை பழக்கத்தால் வருவது. அது வளர வேண்டுமென்றால், கூட நின்று பார்க்க இன்னொருவர் வேண்டும்.

பத்து வீடு தள்ளி

அந்த இன்னொருவர் கிடைத்தது தற்செயலாகத்தான். அக்கா வீட்டிலிருந்து பத்து வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் கடைகளுக்கு போர்டு எழுதியவர். படகுகளுக்குப் பெயரும், கோயில் சுவருக்குச் சாமி படமும் வரைந்திருக்கிறார். பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு நடந்ததே அவருக்கும் நடந்தது. பிரஷ்களைக் கழுவிக் கட்டி வைத்துவிட்டார். தேங்காய் வாங்கப் போன இடத்தில் பேச்சுக் கொடுத்ததில் இதெல்லாம் தெரிந்தது. மறுநாள் மாலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனோம்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லேயர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. பந்தைக் காட்டிக் கேட்டார்:

"வெளிச்சம் எங்கேருந்து வருதும்மா?"

இவள் இடது மேல் மூலையைக் காட்டினாள்.

"அப்போ இது எது மேல இருக்கு?"

பதில் இல்லை. பந்தின் உடம்பில் நிழல் இருந்தது. தரையில் நிழல் இல்லை. எதன் மேலும் இல்லாமல் அது காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வீடியோவில் ஆசிரியர் தரை நிழலை ஒரே இழுப்பில், பேசிக்கொண்டே போட்டுவிட்டிருந்தார். இவள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பந்துக்கு வெளியே நடந்ததைக் கவனிக்கவில்லை. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

பெரியவர் ஒரு தேங்காயை எடுத்துத் திண்ணையில் வைத்தார். பல்பைப் போட்டார். "பாரு, அடியில ஒட்டின இடத்துலதான் ரொம்பக் கறுப்பு. தள்ளிப் போகப் போக வெளுக்கும். கீழேருந்து வெளிச்சம் திரும்பி அடிக்கும்ல, அதுவும் தெரியுது பாரு." நான் கஷ்டப்பட்டுத் தமிழாக்கிய எதிரொளியை, அவர் தேங்காயின் வயிற்றில் விரல் வைத்துக் காட்டிவிட்டார்.

அவள் புதிய லேயர் ஒன்றைத் திறந்து தரையில் ஒரு நிழலை இழுத்தாள். அழித்தாள். மறுபடியும் இழுத்தாள். மூன்றாவது முறை பந்து கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

தீவுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் அறைகளில் வாரம் ஒரு மணி நேரம் டிராயிங் மாஸ்டரையும் உட்காரவைத்தால் இதையே இன்னும் பல பிள்ளைகளுக்குச் செய்யலாம். வீடியோ கையைக் காட்டட்டும், மாஸ்டர் படத்தைப் பார்க்கட்டும். சாப்ட்வேர் இலவசம், பாடம் இலவசம், கேபிளுக்கு ஏற்கெனவே ரூ 1,224 கோடி கொடுத்தாகிவிட்டது. மிச்சம் வேண்டியது ஒரு நாற்காலிதான்.

நான் கிளம்பும் நாள் வரை ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இரண்டு நடந்தது. இரண்டாவதற்குப் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தியிடம் செல்போன் மட்டும் இருந்தது, விரலால் வரைந்தாள். பெரியவர் மூன்று படங்களையும் பார்த்தார். எதையும் "மிக நன்று" என்று சொல்லவில்லை. போகும்போது, தானும் அந்தப் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கறுப்புப் பலகையைப் பார்க்காமல் திரையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள் என் அக்கா மகள். கோடு கோணலாகப் போனது. இரண்டு பொத்தான்களை அழுத்தி அதை அழித்துக் காட்டினாள். பெரியவர் சிரித்துவிட்டார்.

"அழிக்காதம்மா. எங்கே தப்புன்னு பார்க்கணும்ல."